திறந்து மூடிய காலம்

“வயித்தைத் திறந்து பார்த்தாங்களாம். ஒண்ணும் செய்யறதுக்கில்லைன்னு அப்படியே தைச்சு அனுப்பிட்டாங்களாம்.”

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு திருச்சியில், உறையூரிலோ பாலக்கரையிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு வீட்டைப் பற்றி இப்படிப் பேச்சு வந்துவிட்டால், அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தந்தி போகும். வயிற்றுக்குள் பரவிய புற்றுநோய்க்கு அன்று இருந்த வைத்தியம் அநேகமாக அவ்வளவுதான்.

இன்று அதே நோயோடு அதே ஊரிலிருந்து கிளம்பும் சிலர் பத்து மணி நேர அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். வயிற்றுக்குள் சூடான கீமோ மருந்து ஓட்டப்படுகிறது. சில வாரங்களில் வீடு திரும்பி, ஆறு மாதத்தில் காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. சிலர் என்றுதான் எழுதியிருக்கிறேன். அந்தச் சிலர் யார், மற்றவர்களுக்கு ஏன் அது பொருந்தாது என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தெரியாததால் நேரும் இழப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. பிழைக்கக்கூடியவர் கைவிடப்படுகிறார், பலன் கிடைக்காதவர் வீட்டை விற்றுச் செலவு செய்கிறார்.

அன்று மூடி அனுப்பிய மருத்துவர்களைக் குறை சொல்ல முடியாது. குடலையும் இரைப்பையையும் கருப்பையையும் போர்த்தி, வயிற்றுச் சுவரின் உட்புறத்திலும் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வுக்குப் பெரிடோனியம் என்று பெயர். விரித்துப் பார்த்தால் அதன் பரப்பு நம் உடம்புத் தோலின் பரப்புக்குக் கிட்டத்தட்டச் சமம். சினைப்பையிலோ பெருங்குடலிலோ குடல்வாலிலோ இரைப்பையிலோ தோன்றும் புற்று, உறுப்பின் வெளிச்சுவரை எட்டியதும் அதன் செல்கள் உதிர்ந்து வயிற்றுக்குள் ஊறும் நீரில் மிதந்து போய் இந்தச் சவ்வின்மேல் ஒட்டிக்கொள்கின்றன. வயிற்றைத் திறந்தால் கசகசா தூவியதுபோல் எங்கு பார்த்தாலும் புள்ளிகள். ஒரு கட்டியை வெட்டலாம். இதில் எதை வெட்டுவது? நான்காம் நிலை, உடம்பெங்கும் பரவிவிட்டது என்று எழுதி முடித்தார்கள்.

பின்னால் நடந்த மாற்றம் எல்லாமே இந்தக் கணிப்பைச் சந்தேகித்ததில்தான் தொடங்கியது. நோய் உடம்பெங்கும் பரவவில்லை, பலருக்கு வயிற்றறைக்குள் மட்டுமே பரவியிருக்கிறது, அப்படியானால் அந்த அறையை முழுவதும் சுத்தம் செய்ய முடியாதா என்று ஒரு சிலர் கேட்டார்கள்.

அந்தக் கேள்வி எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்லும் முன், நம் ஊரின் பழைய கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். ஸ்ரீரங்கத்துக்கும் வயிற்று வைத்தியத்துக்கும் உறவு பழையது. ராமாநுசர் ஒருநாள் பெருமாளின் திருமுகத்தில் வாட்டம் கண்டு விசாரித்ததாகவும், தயிர்சாதத்தோடு நாவல்பழம் அமுது செய்யப்பட்டது தெரிந்ததாகவும், உடனே கஷாயம் சமர்ப்பிக்க ஏற்பாடு செய்ததாகவும் ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதையை விட்டாலும் கல்வெட்டு இருக்கிறது. ஹொய்சள மன்னன் வீர ராமநாதன் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டில், கோயிலுக்குள் ஓர் ஆரோக்கியசாலை இயங்கியது. பின்னர் அழிந்துபோன அதை ஸ்ரீநிவாசர் என்ற கருடவாகன பட்டர் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு பதிவு செய்கிறது. ஆப்பரேஷனுக்கு முதல்நாள் அந்தச் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இன்றும் உண்டு.

வயிற்றில் நீர் கோத்துப் பெருக்கும் நோயை அந்தக் கால வைத்தியர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். மகோதரம் என்றார்கள்; குணப்படுத்த அரிது என்று எழுதி வைத்தார்கள். துளையிட்டு அந்த நீரை வடிக்கும் முறை சுசுருத சம்ஹிதையிலேயே இருக்கிறது. நெஞ்சை அடைக்கும் செய்தி என்னவென்றால், இருபதாம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியிலும் புற்றால் நீர் கோத்த வயிற்றுக்குப் பெரும்பாலான ஊர்களில் அதுவேதான் நடந்தது. ஊசி மாறியிருந்தது, மரப்பு மருந்து வந்திருந்தது. மற்றபடி, தண்ணீர் எடுத்தார்கள், மறுபடி கோத்தது, மறுபடி எடுத்தார்கள்.

என் பெரியம்மா மேல உத்தர வீதியில் இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியிருந்த சமயம், இரண்டு வாய் சாதத்திலேயே வயிறு நிறைந்துவிடுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். வாயு என்றார்கள். ஓமத் தண்ணீர், சுக்குக் கஷாயம், அப்புறம் ஜெலுசில். மாதவிலக்கு நின்ற வயதில் வயிறு போடுவது சகஜம் என்று பக்கத்து வீட்டு மாமிகளும் சொன்னார்கள். இடுப்பில் புடவை நிற்காமல் போன பிறகுதான் டாக்டரிடம் போனது. தண்ணீர் எடுத்தார்கள். அது தெளிவாக இல்லை, ரத்தம் கலந்திருந்தது. பிறகு வயிற்றைத் திறந்தார்கள், மூடினார்கள். மயக்கம் தெளிந்ததும் பெரியம்மா கேட்ட முதல் கேள்வி, “கட்டியை எடுத்துட்டாளோல்லியோ?” எல்லோரும் ஆமாம் என்றோம். அவருக்கு வந்தது சினைப்பைப் புற்று என்பதைக் கடைசிவரை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்தப் பொய்யை அன்பு என்றுதான் எல்லோரும் நம்பினோம்.

வசதியும் தெம்பும் இருந்தவர்கள் மீட்டர்கேஜ் ரயிலில் இரவு முழுவதும் பயணம் செய்து எழும்பூரில் இறங்கி அடையாறுக்குப் போனார்கள். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நமக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் பிறந்தவர், 1954-ல் பன்னிரண்டே படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தெடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.க்குப் போனவர்களும் உண்டு. போகமுடியாதவர்களுக்குப் புத்தூர் பெரியாஸ்பத்திரி. சிஸ்பிளாட்டின் என்ற மருந்துக்கு அமெரிக்காவிலேயே 1978-ல்தான் அனுமதி கிடைத்தது என்பதை நினைத்துப் பார்த்தால், நம் ஊர்க் குடும்பங்களுக்கு அன்று எட்டியது எவ்வளவு குறைவு என்று புரியும். அதுவும் ரத்தத்தில் ஏற்றும் மருந்து. பெரிடோனியத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கே ஒட்டியிருக்கும் புள்ளிகளுக்கு மருந்து போதுமான அளவில் போய்ச் சேர்வதில்லை.

அப்படியானால் மருந்தை நேரே வயிற்றுக்குள் ஊற்றினால் என்ன, சூடாக்கி ஊற்றினால் என்ன என்ற யோசனை 1979-ல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் முதல்முறையாக ஒரு மனிதரிடம் செய்து பார்க்கப்பட்டது. செய்தவர் ஜான் ஸ்ப்ராட். அந்த நோயாளிக்கு இருந்தது வயிறு முழுவதும் கூழ்போன்ற சளி நிறையும் அபூர்வ வகை. பெரும்பாலும் குடல்வாலில் தொடங்குவது. ஆனால் இதை ஒரு முறைமையாக்கியவர் வாஷிங்டனின் பால் ஷுகர்பேக்கர். சவ்வை எப்படி உரித்து எடுப்பது என்பதை 1995-ல் படிப்படியாக எழுதி வெளியிட்டார். பரவலுக்கு மதிப்பெண் போடும் முறையையும் அவரே வகுத்தார். வயிற்றை 13 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட்டால் அதிகபட்சம் 39. நோய் பரவிவிட்டது என்ற ஒற்றைத் தீர்ப்பு போய், எவ்வளவு, எங்கெங்கே என்று அளக்கும் காலம் இதிலிருந்து வந்தது. என் கணக்கில் சூட்டைவிட இதுதான் பெரிய மாற்றம்.

அறுவை அரங்கில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சூடான கீமோ என்ற சொல் மட்டும் காதில் விழுந்து, ஏதோ ஒரு ஊசி என்று நினைத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து வருவது கடைசியில்தான். முதலில் நெஞ்செலும்பின் அடியிலிருந்து அடிவயிறு வரை திறக்கிறார்கள். குடல்மேல் தொங்கும் கொழுப்புத் திரையை முழுவதும் எடுக்கிறார்கள். உதரவிதானத்தின் அடிப்பக்கத்துச் சவ்வை உரிக்கிறார்கள். தேவைப்பட்டால் குடலில் ஒரு பகுதி, மண்ணீரல், பித்தப்பை, கருப்பை, சினைப்பைகள் எல்லாம் போகும். கண்ணுக்குத் தெரியும் ஒரு புள்ளிகூட மிஞ்சக் கூடாது என்பதே குறி. எட்டு மணி, பத்து மணி, சிலநேரம் அதற்கும் மேல். மருந்து சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் ஊடுருவும். ஆகவே பெரிய கட்டியை விட்டுவிட்டுச் சூடான மருந்தை ஊற்றுவதில் பலன் இல்லை.

எல்லாம் எடுத்து முடித்த பிறகு வயிற்றுக்குள் குழாய்களும் வெப்பமானிகளும் பொருத்தப்படுகின்றன. ஒரு இயந்திரம் மருந்துக் கரைசலைச் சூடாக்கி உள்ளே அனுப்பி, வெளியே இழுத்து, மறுபடி சூடாக்கி அனுப்பிக்கொண்டே இருக்கும். நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ப வெப்பம் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ், நேரம் 30 முதல் 90 நிமிடம். சிஸ்பிளாட்டின், மைட்டோமைசின் போன்ற மருந்துகள். ரத்தத்தில் ஏற்றினால் உடம்பு தாங்காத செறிவில் அவற்றை இங்கே வைக்க முடிகிறது, ஏனென்றால் வயிற்றறையிலிருந்து ரத்தத்துக்குள் அவை மெதுவாகத்தான் கசிகின்றன. சூடு மருந்தை இன்னும் உள்ளே நுழைய வைக்கிறது; சிதைந்த மரபணுவைப் புற்றுசெல் சரிசெய்துகொள்ளவும் விடுவதில்லை. அந்த நேரம் முழுவதும் மயக்க மருத்துவருக்குத்தான் பெரும் பாடு. நோயாளியின் உடல் வெப்பம் ஏறும், இதயம் வேகமெடுக்கும், சிறுநீரகத்தைக் காக்க வேண்டும். அறுவை மருத்துவர் பெயரை விசாரிக்கிற நாம், மயக்க மருத்துவரையும் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியரையும் விசாரிப்பதே இல்லை. இந்தச் சிகிச்சையில் உயிர் பாதி அவர்கள் கையில்.

இதனால் எவ்வளவு பலன்? இங்கேதான் நேர்மையாகப் பேச வேண்டியிருக்கிறது.

2003-ல் நெதர்லாந்தில் பெருங்குடல் புற்று வயிற்றுக்குள் பரவிய 105 பேரிடம் நடந்த ஆய்வு உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் நடுநிலை ஆயுள் 12.6 மாதம், அறுவையும் சூடான மருந்தும் பெற்றவர்களுக்கு 22 மாதத்துக்கு மேல். ஆனால் அப்படிப் பெற்றவர்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். இன்று அனுபவமுள்ள மையங்களில் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது. அந்த ஆய்வில் இன்னொரு முடிச்சும் இருந்தது. பலன் கொடுத்தது கத்தியா, சூடா? அதைப் பிரித்துப் பார்க்கப் பிரான்சில் ஓர் ஆய்வு நடந்து 2021-ல் வெளியானது. 265 பேருக்கும் முழுமையான அறுவை. பாதிப் பேருக்கு மட்டும் சூடான ஆக்சாலிபிளாட்டின், 30 நிமிடம். நடுநிலை ஆயுள் ஒரு பக்கம் 41.7 மாதம், மறுபக்கம் 41.2. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அறுபதாவது நாளில் கணக்கெடுத்தபோது கடும் சிக்கல்கள் சூடான மருந்து பெற்றவர்களில் 26 சதவீதம், பெறாதவர்களில் 15. பெருங்குடல் புற்றைப் பொறுத்தவரை உயிரை நீட்டியது கைதேர்ந்த அறுவைதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். பன்னிரண்டு மாதம் நாற்பது மாதமாக வளர்ந்தது அதற்குள் வந்த நல்ல கீமோ மருந்துகளாலும் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததாலும்கூட.

சினைப்பைப் புற்றின் கதை வேறு. முதலில் மூன்று சுற்று கீமோ கொடுத்து நோயைச் சுருக்கி, பிறகு அறுவை செய்யும் மூன்றாம் நிலைப் பெண்கள் 245 பேரிடம் நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2018-ல் வந்தது. அறுவை மட்டும் என்றால் 33.9 மாதம், கடைசியில் 90 நிமிடம் சூடான சிஸ்பிளாட்டினும் சேர்ந்தால் 45.7 மாதம். பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பிலும் அந்த இடைவெளி நின்றது. பன்னிரண்டு மாதம். பெரியம்மாவின் பேத்தி பிறந்தது அவர் போய் எட்டு மாதம் கழித்து. இந்த எண்ணை வெறும் எண்ணாக என்னால் படிக்க முடியவில்லை.

கூழ்ச்சளி நிறையும் அந்தக் குடல்வால் வகையில் பலன் இன்னும் பெரிது. 2012-ல் வெளியான பன்னாட்டுத் தொகுப்பில் 2,298 பேரில் 63 சதவீதத்தினர் பத்து ஆண்டுகளைக் கடந்தார்கள். மாறாக, நம் தமிழ்நாட்டில் அதிகம் காணப்படும் இரைப்பைப் புற்று வயிற்றுக்குள் பரவினால் சூடான மருந்து ஆயுளை நீட்டுகிறது என்று நம்பும்படியான நிரூபணம் இதுவரை கிடைக்கவில்லை. கணையப் புற்றுக்கு இது பொருந்தாது. எல்லா வயிற்றுப் புற்றுக்கும் இதுவே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இனி இன்றைய திருச்சி. 1998-ல் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரியாஸ்பத்திரி அதோடு இணைந்து வளர்ந்தது. தில்லை நகர் கிராஸ்களில் காலையில் எடுத்த சி.டி. ஸ்கேனின் ரிப்போர்ட் சாயங்காலம் செல்போனுக்கு வந்துவிடுகிறது. கீமோவை உள்ளூரிலேயே காலையில் போய் ஏற்றிக்கொண்டு இரவு சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறார்கள். புற்றுநோய் அறுவைக்கென்றே படித்த மருத்துவர்கள் ஊரில் இருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் இந்தக் குறிப்பிட்ட சிகிச்சைக்கு, எந்த ஊர், எவ்வளவு பெரிய கட்டடம் என்பதைவிட அந்தக் குழு இதை எத்தனை முறை செய்திருக்கிறது என்பதே முக்கியம். அதற்காகச் சென்னைக்கோ கோவைக்கோ போக நேர்ந்தால் போகத்தான் வேண்டும். அறுவை அங்கே, முன்னும் பின்னும் கீமோ இங்கே என்று பிரித்துக்கொள்வதும் பலருக்குச் சாத்தியப்படுகிறது.

மாறாதவையும் இருக்கின்றன. சினைப்பைப் புற்று இன்றும் பெரும்பாலும் பரவிய பிறகே பிடிபடுகிறது. வாயு, அசிடிட்டி என்று மாதங்கள் கழிகின்றன. ஜெலுசில் இருந்த இடத்தில் இப்போது வேறு மாத்திரை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆண்டுக்கு 5 லட்சம் வரை கைகொடுக்கிறது, ஆனால் அட்டை இருக்கிறது என்ற தைரியத்தில் நேரே போய்ச் சேர்ந்துவிடாமல், எந்த மருத்துவமனையில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நோயாளியிடம் சொல்லாதீர்கள் டாக்டர் என்று வாசலிலேயே மறித்துக் கேட்கும் பிள்ளைகளும் குறையவில்லை. முப்பது நாள் படுக்கையும் குடலின் வாயை வயிற்றுக்கு வெளியே திறந்துவிடும் வாய்ப்பும் உள்ள ஒரு சிகிச்சைக்கு, அதை அனுபவிக்கப் போகிறவரின் சம்மதம் இல்லாமல் முடிவெடுப்பது தவறு. நாங்கள் செய்ததைப் போன்ற அன்பு இனி வேண்டாம்.

மதிப்பெண் மிக அதிகமாக வந்தவர்களுக்கும், நுரையீரலுக்கோ கல்லீரலெங்குமோ பரவியவர்களுக்கும், உடம்பு தாங்காத முதியவர்களுக்கும் இந்த அறுவை கிடையாது. அவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. கோத்த நீரை வீட்டிலேயே வடிக்கக் குழாய் வைக்க முடியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சை வீடு தேடி வருகிறது. கேட்டு வாங்க வேண்டும்.

ஆகவே, இதைப் படிக்கிறவர்களிடம் என் வேண்டுகோள்கள் சில. உங்கள் வீட்டில் நாற்பத்தைந்தைக் கடந்த பெண், வயிறு உப்புகிறது, சாப்பிட முடியவில்லை, அடிக்கடி சிறுநீர் வருகிறது என்று இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து சொன்னால், கஷாயத்தை நிறுத்திவிட்டு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு அழைத்துப் போங்கள். பரவிவிட்டது என்று சொன்னால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: இது எந்த உறுப்பில் தொடங்கியது? எங்கெங்கே இருக்கிறது? முழுவதும் எடுக்க முடியுமா? சூடான மருந்தால் இந்த வகைக்குப் பலன் உண்டா? நீங்கள் இதை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அரைகுறையாகச் செய்த முதல் அறுவை, பின்னால் செய்ய வேண்டிய முழு அறுவையைக் கடினமாக்கிவிடும். அதனால் இந்தக் கேள்விகளுக்கு நேரம் முதல் அறுவைக்கு முன்புதான். பயாப்ஸி ஸ்லைடுகளையும் ஸ்கேன் சி.டி.யையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது மருத்துவரிடம் போகும்போது வெறும் ரிப்போர்ட் காகிதம் போதாது.

சிகிச்சைக்காக வெளியூர் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு. அதற்கான சான்றிதழில் டாக்டரின் கையெழுத்தை முதல் பயணத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.